பூட்டிய வீட்டின் கணக்கு

2007 ஜூலை முதல் வாரத்தில் டெல்லியிலிருந்து ஓர் அறிவிப்பு வந்தது. இந்தியாவில் எச்ஐவி தொற்றுடன் வாழ்கிறவர்கள் 25 லட்சம் பேர் என்றார் அப்போதைய மத்திய சுகாதார அமைச்சர் அன்புமணி ராமதாஸ். அதற்கு முந்தைய ஆண்டு மே மாதம்தான் ஐ.நா.வின் எய்ட்ஸ் அமைப்பு 57 லட்சம் என்று சொல்லியிருந்தது. தென்னாப்பிரிக்காவையும் மிஞ்சி உலகத்திலேயே முதலிடத்துக்கு வந்துவிட்டோம் என்று அப்போது தலைப்புச் செய்தி போட்டிருந்தார்கள். பதினான்கே மாதத்தில் 32 லட்சம் பேர் எங்கே போனார்கள்? யாரும் குணமாகிவிடவில்லை. அத்தனை பேர் இறந்துபோகவும் இல்லை. எண்ணுகிறவர்கள் போய் நின்ற இடம் மாறியிருந்தது, அவ்வளவுதான்.

இதைப் பார்த்துப் புள்ளியியலே புரட்டு என்று சிரித்தவர்கள் உண்டு. நிதி கேட்பதற்காக ஊதிப் பெருக்கினார்கள் என்று பழி போட்டவர்களும் உண்டு. பயத்தைப் பெரிதாக்கிப் பேசியவர்கள் இருந்தார்கள்தான். 2010-க்குள் இந்தியாவில் 2 கோடியிலிருந்து 2.5 கோடிப் பேர் வரை எச்ஐவியுடன் இருப்பார்கள் என்று 2002-ல் அமெரிக்க உளவுத்துறைகளின் ஆலோசனைக் குழு ஒன்று அறிக்கையே வெளியிட்டது. தமிழ்நாட்டில் எய்ட்ஸ் பற்றிய ‘புள்ளிராஜா’ விளம்பரங்கள் சுவர் சுவராக ஒட்டப்பட்ட காலம் அது. ஆனால் 57 லட்சம் என்று கணக்குப் போட்டவர்கள் தில்லுமுல்லு எதுவும் செய்யவில்லை. கைக்குக் கிடைத்த ரத்தத்தை வைத்துக் கணக்கிட்டார்கள். கைக்குக் கிடைக்காத ரத்தத்தைப் பற்றி அவர்களுக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. அந்த நம்பிக்கைதான் காலை வாரிவிட்டது.

யாரைச் சோதிக்க முடியவில்லையோ அவரைப் பற்றிச் சோதனைக்கூடம் எதுவும் சொல்லாது. தகவல் வேறு வழியில் வர வேண்டும். வராவிட்டால் அந்தக் காலி இடத்தில் ஓர் ஊகம் வந்து உட்கார்ந்துகொள்ளும், பெரும்பாலும் யார் கண்ணிலும் படாமல்.

இந்தியாவில் எச்ஐவி முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்டது சென்னையில், 1986-ல். சென்னை மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமன், தன் மாணவி நிர்மலாவுக்குக் கொடுத்த ஆய்வுத் தலைப்பு அது. பாலியல் தொழிலாளர்களின் ரத்தத்தை எடுத்துப் பார்க்க வேண்டும். மும்பை போல இதற்கென்று தனித் தெரு இல்லாத ஊரில் அவர்களை எங்கே போய்த் தேடுவது? நிர்மலா முதலில் அரசுப் பொது மருத்துவமனையின் பால்வினை நோய்ப் பிரிவுக்குப் போனார். அங்கே வந்த பெண்களிடம் பேசிப் பழகி, கைதான பெண்களை அடைத்துவைத்திருந்த காப்பகத்துக்கு வழி தெரிந்துகொண்டார். அங்கே எடுத்த ரத்தத்தைப் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து இரவு ரயிலில் வேலூருக்குக் கொண்டுபோனார். சிஎம்சி மருத்துவமனையில் சோதித்தபோது ஆறு மாதிரிகளில் தொற்று தெரிந்தது.

இருக்கிறதா, இல்லையா என்று கேட்டால் இதைவிடக் கெட்டிக்காரத்தனமான வழி கிடையாது. கிடைக்கக்கூடிய இடத்தில் தேடினார்கள், கிடைத்தது. எத்தனை பேருக்கு இருக்கிறது என்று கேட்டால் அதே ரத்தம் வாயைத் திறக்காது. ஜாமீன் கட்டப் பணமில்லாமல் காப்பகத்தில் இருந்தவர்கள் அவர்கள். ஜாமீன் எடுத்துப் போனவர்களும், போலீஸ் கையில் சிக்காதவர்களும் அந்தப் பனிக்கட்டிப் பெட்டிக்குள் இல்லை.

எத்தனை பேர் என்ற கேள்விக்காகத்தான் பின்னால் கண்காணிப்பு மையங்கள் வந்தன. 1998 முதல் ஆண்டுதோறும் நடந்த ஏற்பாடு அது. குறிப்பிட்ட சில மாதங்கள், குறிப்பிட்ட சில அரசு மருத்துவமனைகள். கர்ப்பிணிகள் பரிசோதனைக்கு வரும் பிரிவில் வரிசையாக 400 பேர், பால்வினை நோய்ப் பிரிவில் 250 பேர். அவர்களிடம் தனியாக ரத்தம் எடுக்க மாட்டார்கள். சிபிலிஸ் சோதனைக்காக எப்படியும் எடுத்த ரத்தத்தில் மிச்சமிருப்பதை, பெயரையும் அடையாளத்தையும் கிழித்துப் போட்டுவிட்டு எச்ஐவிக்குச் சோதிப்பார்கள். முடிவு யாருக்கும் போகாது, யாருடையது என்று யாருக்கும் தெரியாது. தொற்று இருக்கிறது என்று அந்தப் பெண்ணிடம் சொல்ல வழியே இல்லாத இந்த முறை அறத்துக்கு உகந்ததா என்று அப்போதே சண்டை நடந்தது. கணக்கைப் பொறுத்தவரை அதற்கு ஒரு பெரிய லாபம் இருந்தது. கேட்காமலே சோதிப்பதால் மறுப்பவர் என்று எவரும் இல்லை.

மறுப்பு இல்லை, சரி. வருகை? அரசு மருத்துவமனைக்கு வந்த கர்ப்பிணி, ஊரில் இருக்கும் எல்லாப் பெண்களுக்கும் சாட்சி என்று எடுத்துக்கொண்டார்கள். ஆண்களின் விகிதத்தை அதிலிருந்தே பெருக்கி வரவழைத்தார்கள். அதற்கு மேல், பால்வினை நோய்ப் பிரிவில் கிடைத்த உயர்ந்த விகிதத்தை வைத்து, பால்வினை நோய் உள்ளவர்கள் என்று கருதப்பட்ட ஒரு பெருங்கூட்டத்துக்கும் கணக்குப் போட்டுக் கூட்டினார்கள்.

இது சரிதானா என்று குண்டூரில் ஒரு குழு சோதித்துப் பார்த்தது. அப்போதைய ஒன்றுபட்ட ஆந்திரத்தில், தொற்று மிக அதிகம் என்று கருதப்பட்ட மாவட்டங்களில் ஒன்று அது. லலித் தண்டோனாவின் குழு நகரத்திலும் கிராமத்திலுமாக 66 பகுதிகளைக் குலுக்கல் முறையில் தேர்ந்து, வீடு வீடாகப் போய், 15-லிருந்து 49 வயதுக்குட்பட்ட ஏறத்தாழ 12,600 பேரின் ரத்தத்தை எடுத்தது. 2006-ல் வெளியான முடிவு, கண்காணிப்பு மையங்களை வைத்துப் போட்ட எண்ணிக்கையில் பாதிகூட இல்லை.

காரணத்தைத் தேடினால், நம் ஊரில் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த யாருக்கும் ஆச்சரியமாக இருக்காது. கர்ப்பிணிக்கு எச்ஐவி என்று தெரிந்ததும், ஏன், சந்தேகம் வந்ததுமே, “ஜிஹெச்சுக்குப் போங்கம்மா” என்று தனியார் மருத்துவமனை கைகழுவிவிடும். பத்துத் தனியார் மருத்துவமனைகள் தள்ளிவிட்டவர்கள் ஓர் அரசு மருத்துவமனையின் வரிசையில் வந்து நின்றால் அந்த வரிசையின் விகிதம் ஏறத்தானே செய்யும்? அரசு மருத்துவமனைக்கு ஏழைகள் அதிகம் வருவார்கள், அப்போது தொற்றும் அவர்களிடம் அதிகமாக இருந்தது. பால்வினை நோய்ப் பிரிவை வைத்துக் கூட்டிய கூட்டல் வேறு பெரும்பாலும் தேவையற்றது என்று தெரிந்தது. மூன்று பிழையும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தன. பிழைகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு சமமாகிவிடும் என்று நம்புகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

நாடு முழுவதற்கும் இதே வேலையைச் செய்தது மூன்றாவது தேசிய குடும்ப நல ஆய்வு. 2005-06-ல் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்களிடம் எச்ஐவி சோதனைக்கு ரத்தம் எடுத்தார்கள். விரல் நுனியில் ஒரு குத்து, வடிதாள் அட்டையில் வட்டம் வட்டமாகச் சில சொட்டு, உலரவைத்து, பெயரில்லாமல் ஒரு கோட்டுக் குறியீட்டை ஒட்டி ஆய்வகத்துக்கு அனுப்பு. 15-49 வயதில் பெண்களுக்கு 0.22 சதவீதம், ஆண்களுக்கு 0.36 சதவீதம், சேர்த்துப் பார்த்தால் 0.28 சதவீதம் என்று வந்தது. தமிழ்நாட்டுக்கு 0.34.

மருத்துவமனைக்கு வந்தவர்களை மட்டும் பார்த்த முறை எண்ணிக்கையை ஏற்றியது. வீட்டில் இருந்தவர்களை மட்டும் பார்க்கும் முறை? அது எதிர்ப்பக்கம் இழுக்கும்.

கணக்கெடுப்புக்குப் போகிறவர்களின் தாளில் சில குறிப்புகள் திரும்பத் திரும்ப வரும். வீடு பூட்டியிருந்தது. ஆள் வெளியூர். ஒப்புக்கொள்ளவில்லை. பார்க்க ஒன்றுபோல் இருந்தாலும் இவை வெவ்வேறு சமாச்சாரம். பூட்டிய வீட்டுக்குத் திரும்பத் திரும்பப் போகலாம், மாலையில் போகலாம். வெளியூர்க்காரர் லாரி ஓட்டுநராகவோ கட்டட வேலைக்குப் போனவராகவோ இருந்தால், அவர் அந்த நேரத்தில் வீட்டில் இல்லை என்பதற்கும் தொற்று வாய்ப்புக்கும் சம்பந்தம் இருக்கலாம். ஒப்புக்கொள்ளாதவர் ஊசிக்குப் பயந்தவரா, முடிவுக்குப் பயந்தவரா என்பது தாளில் இருக்காது. இவர்களையெல்லாம் தாண்டி, தாளிலேயே ஏறாத ஒரு கூட்டம் உண்டு: விடுதியில், சிறையில், நடைபாதையில் இருப்பவர்கள், பாலியல் தொழில் நடக்கும் இடங்களிலேயே தங்கியிருப்பவர்கள். வீட்டை அலகாக வைத்துத் தொடங்கும் ஆய்வுக்கு வீடில்லாதவர் பிறக்கவே இல்லை. சில சமயம் ஒரு மாநிலமே தாளிலிருந்து விழுந்துவிடும். அன்றைக்கு உயர் பரவல் மாநிலங்கள் என்று பட்டியலிட்டிருந்த ஆறில் ஒன்றான நாகாலாந்தில் உள்ளூர் எதிர்ப்பினால் எச்ஐவி சோதனையே நடக்கவில்லை.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். அந்த ஆய்வில் தகுதியுள்ள ஆண்களில் ஏறத்தாழ 78 சதவீதம் பேர் ரத்தம் கொடுத்தார்கள். மீதி 22 சதவீதம் தெரியாது. கொடுக்காதவர்களில் ஒருவருக்கும் தொற்று இல்லை என்று வைத்தால் மொத்த ஆண்களின் விகிதம் 0.28 சதவீதம். அத்தனை பேருக்கும் இருக்கிறது என்று வைத்தால் 22.28 சதவீதம். உண்மை இந்த இரண்டுக்கும் நடுவில் நிச்சயமாக இருக்கிறது. இப்படி இரண்டு கரையையும் முதலில் குறித்துவிட வேண்டும் என்று வலியுறுத்தியவர் அமெரிக்கப் பொருளியலாளர் சார்லஸ் மான்ஸ்கி. நேர்மையான முறை. ஒரு ஊகமும் இல்லை. எச்ஐவி போன்ற அரிய நோய்க்கு ஒரு பயனும் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆயிரத்தில் மூன்றா, நூற்றில் இருபத்திரண்டா என்று எந்தச் சுகாதாரச் செயலாளரிடம் போய்ச் சொல்வது?

ஆனாலும் அந்தக் கரைகள் ஒரு விஷயத்தைப் பளிச்சென்று காட்டுகின்றன. இடைவெளியின் அகலம் 22, அதாவது சோதிக்காதவர்களின் பங்கே அது. ஒரு லட்சத்துக்குப் பதிலாக ஒரு கோடிப் பேரிடம் போனாலும், அதே 22 சதவீதம் நழுவினால் இடைவெளி இம்மியும் குறையாது. “இவ்வளவு பெரிய ஆய்வாக்கும்” என்று எண்ணிக்கையைக் காட்டி மார்தட்டுகிற அறிக்கைகளைப் படிக்கும்போது நான் முதலில் தேடுவது எத்தனை பேர் நழுவினார்கள் என்ற வரியைத்தான். பெரும்பாலும் அது பின்னிணைப்பில் இருக்கும்.

கரைகளை நெருக்க வேண்டுமானால் ஊகம் வேண்டும். வழக்கமாகச் செய்வது இது: ரத்தம் கொடுக்காதவர்களின் வயது, படிப்பு, ஊர், வசதி எல்லாம் வீட்டுப் பட்டியலிலிருந்து தெரியும். அதே வயதும் படிப்பும் ஊரும் உள்ள, ரத்தம் கொடுத்த ஆட்களின் விகிதத்தை அவர்களுக்கும் பொருத்திவிடுவது. பெரும்பாலான ஆய்வுகளில் இந்தத் திருத்தத்துக்குப் பிறகும் எண் அசைவதே இல்லை. பார்த்தீர்களா, நழுவியவர்களால் ஒன்றும் குடிமுழுகவில்லை என்று அறிக்கை சொல்லும். இது கொஞ்சம் வேடிக்கையான ஆறுதல். ஒரே வயது, ஒரே படிப்பு உள்ள இருவரில் ஒருவர் விரலை நீட்டினார், மற்றவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார் என்றால், அந்தக் கை பின்னால் போனதற்குக் காரணம் தொற்றாக இருக்கக்கூடாது என்பதுதானே இங்கே ஊகம்? எதைச் சோதிக்க வேண்டுமோ அதையே எடுத்துக்கொண்டு தொடங்கியாகிவிட்டது.

அதனால் கேள்வியைத் திருப்பிப் போடுவது நல்லது. இந்திய ஆண்களின் உண்மையான விகிதம் 0.36-க்குப் பதில் அதைப் போல இரண்டு மடங்கு இருக்க வேண்டுமானால், ரத்தம் கொடுக்காதவர்களிடம் எவ்வளவு இருந்திருக்க வேண்டும்? கொடுத்தவர்களைப் போல ஐந்தரை மடங்கு, அதாவது 2 சதவீதம். இது நடக்கக்கூடியதா? 2005-ல் தொற்று உள்ள இந்தியர்களில் பெரும்பாலோருக்குத் தங்களுக்கு அது இருப்பதே தெரியாது. தெரியாத ஒன்றுக்காக ஒருவர் ஒளிய முடியாது. ஆகவே மறுத்தவர்களால் கணக்கு அவ்வளவு புரண்டிருக்காது என்பது என் எண்ணம். வெளியூர் போனவர்களைப் பற்றி அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

தெரிந்தவர்கள் ஒளிவார்களா என்பதற்கு மலாவியில் சாட்சி இருக்கிறது. முன்பு ஒருமுறை சோதித்து முடிவு தெரிந்துகொண்டவர்களிடமே ஆய்வாளர்கள் மறுபடி போய் ரத்தம் கேட்டார்கள். தொற்று இருப்பதை அறிந்தவர்கள், மற்றவர்களைவிட ஏறத்தாழ நான்கரை மடங்கு அதிகமாக மறுக்கும் சாய்வு உள்ளவர்களாக இருந்தார்கள் என்று ஜார்ஜஸ் ரெனியர்ஸும் ஜெஃப்ரி ஈட்டனும் 2009-ல் எழுதினார்கள். இதில் ஒரு முரண் இருக்கிறது. சோதனை வசதி பெருகப் பெருக, தன் நிலை தெரிந்தவர்கள் கூடுவார்கள். அவர்கள் கூடக் கூட, வீட்டுவாசல் ஆய்வு குறைத்துக் காட்டும்.

மறுத்தவரின் ரத்தத்தைப் பார்க்காமலே அவரைப் பற்றி ஏதாவது தெரிந்துகொள்ள வழி உண்டா? உண்டு என்று காட்டியது ஜாம்பியா. யோசனை பொருளியலாளர் ஜேம்ஸ் ஹெக்மனுடையது, வேலைக்குப் போகாத பெண்களின் கூலி என்னவாக இருந்திருக்கும் என்று கணிக்கப் பிறந்தது. அதை டில் பார்னிகாசன் குழு 2007-ஆம் ஆண்டின் ஜாம்பிய ஆய்வுக்குக் கொண்டுவந்தது.

சூட்சுமம் கணக்கெடுப்பாளரிடம் இருக்கிறது. பேச்சில் கெட்டிக்காரரான ஒருவர் வாசலில் நின்றால் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் விரலை நீட்டுவார்கள். சிடுசிடுப்பான இன்னொருவருக்கு அறுபது பேர்தான் சம்மதிப்பார்கள். எந்த வீட்டுக்கு யார் போனார் என்பதற்கும் அந்த வீட்டில் தொற்று இருப்பதற்கும் சம்பந்தமில்லை. இப்போது இருவரின் பட்டியலையும் ஒப்பிடுங்கள். சிடுசிடுப்பானவருக்கு ரத்தம் கொடுத்தவர்கள், யார் கேட்டாலும் கொடுப்பவர்கள். கெட்டிக்காரருக்குக் கொடுத்தவர்களில் அவர்களோடு, பேசிக் கரைத்த பிறகு சம்மதித்த முப்பது பேரும் சேர்ந்திருக்கிறார்கள். கெட்டிக்காரரின் பட்டியலில் தொற்று விகிதம் கூடுதலாக இருந்தால், தயங்கித் தயங்கிச் சம்மதித்தவர்களிடம் தொற்று அதிகம் என்று பொருள். கடைசிவரை சம்மதிக்காதவர்களிடம் இன்னும் அதிகமாக இருக்கும் என்று அதே கோட்டில் நீட்டிப் பார்க்கலாம். ஜாம்பிய ஆண்களில் ரத்தம் கொடுத்தவர்களிடம் 12 சதவீதமாக இருந்தது, இப்படித் திருத்தியபோது ஆண்கள் அனைவருக்கும் 21 சதவீதம் என்று வந்தது.

மூக்கின் மேல் விரல் வைக்கவைக்கும் கணக்கு. ஆனால் இந்தக் கோட்டை எந்த வளைவில் நீட்டுவது என்பதும் ஓர் ஊகம்தான். கெட்டிக்காரரான பணியாளரையே சிக்கலான ஊருக்கு அனுப்புவது மேற்பார்வையாளர்களின் வழக்கம். அப்படி அனுப்பியிருந்தால் அடிப்படையே ஆடிப்போகும். இதே முறையைப் பல ஆப்பிரிக்க நாடுகளின் ஆய்வுகளுக்குப் பொருத்தியபோது பெரும்பாலானவற்றில் மையப் புள்ளி அதிகம் நகரவில்லை, ஆனால் நிச்சயமின்மையின் அகலம் கூடியது. ஒற்றை எண்ணைச் சந்தேகிக்கக் கற்றுக்கொடுக்கிறது என்ற அளவில் எனக்கு இந்த முறை பிடிக்கும். 21-ஐப் புதிய உண்மை என்று எடுத்துக்கொள்ள மாட்டேன்.

இதுவரை சொன்னதெல்லாம் பட்டியலில் பெயர் உள்ளவர்களைப் பற்றி. பட்டியலிலேயே இல்லாதவர்களுக்கு வேறு வித்தை வேண்டும். 1991-ல் பாங்காக்கில் எத்தனை பேர் ஹெராயின் போன்ற போதைப்பொருளைப் பயன்படுத்துகிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. தெருத் தெருவாகப் போய், “நீங்கள் ஹெராயின் எடுப்பதுண்டா?” என்று கேட்க முடியுமா? டிமோதி மாஸ்ட்ரோவின் குழு இரண்டு பட்டியல்களை எடுத்துக்கொண்டது. ஒன்று, மெத்தடோன் சிகிச்சை மையங்களில் பதிந்தவர்கள், 4,064 பேர். மற்றது, சில மாதம் கழித்துக் காவல் நிலையங்களில் பிடிபட்டு, சிறுநீரில் போதைப்பொருள் தெரிந்தவர்கள், 1,540 பேர். இரண்டிலும் இருந்தவர்கள் 171 பேர். காவல் நிலையத்தில் சிக்கியவர்களில் ஒன்பதில் ஒருவர் சிகிச்சைப் பட்டியலில் இருக்கிறார் என்றால், நகரத்தின் போதைப் பழக்கத்தாரில் ஒன்பதில் ஒருவரைத்தான் சிகிச்சைப் பட்டியல் பிடித்திருக்கிறது. ஆகவே மொத்தம் 4,064-ஐப் போல ஒன்பது மடங்கு, ஏறத்தாழ 36,600. ஊசி போட்டுக்கொள்பவர்களில் மூன்றில் ஒருவருக்குத் தொற்று இருந்ததால், 12,000 பேர் வரை எச்ஐவியுடன் இருக்கலாம் என்று கணித்தார்கள். இரண்டு பட்டியலிலும் சேர்த்து ஆறாயிரம் பெயர்கூட இல்லை. பார்த்தே இராத முப்பதாயிரம் பேரை அந்த 171 பெயர்கள் காட்டிக்கொடுத்தன.

குளத்து மீனை எண்ணப் பிறந்த இந்தக் கணக்கை மனிதர்களுக்குக் கொண்டுவந்ததில் இந்தியாவுக்குப் பங்கு உண்டு. கல்கத்தாவின் அகில இந்தியச் சுகாதார நிலையத்தில் இருந்த சி. சந்திரசேகரும், பின்னாளில் ஜப்பானியத் தொழிற்சாலைகளுக்குத் தரக்கட்டுப்பாடு சொல்லிக்கொடுத்துப் புகழ்பெற்ற எட்வர்ட்ஸ் டெமிங்கும் 1949-ல் எழுதிய கட்டுரை அது. களம், கல்கத்தாவுக்கு அருகே சிங்கூர். நானோ கார் தொழிற்சாலைத் தகராறில் நமக்குப் பெயர் தெரிந்த அதே ஊர். பிறப்பு, இறப்புப் பதிவேடு ஒரு பக்கம், வீடு வீடாக விசாரித்த பட்டியல் மறுபக்கம். இரண்டையும் பொருத்தி, இரண்டிலுமே விட்டுப்போன பிறப்புகளும் இறப்புகளும் எத்தனை என்று கணித்தார்கள்.

வித்தை பலிக்க ஒரு நிபந்தனை உண்டு. ஒரு பட்டியலில் இருப்பதற்கும் மற்றதில் இருப்பதற்கும் தொடர்பு இருக்கக்கூடாது. பதிவேட்டுக்குப் போகாத ஏழைத் தாயை வீட்டு விசாரணையும் தவறவிட்டால், இரண்டு பட்டியலும் ஒரே மாதிரியான ஆட்களையே திரும்பத் திரும்பப் பிடிக்கும், பொதுப் பெயர்கள் மிகும், மொத்தம் குறைவாகத் தெரியும். பாங்காக்கில் ஆபத்து எதிர்ப்பக்கம். சிகிச்சைக்குப் போகிறவர் போலீஸ் கையில் அவ்வளவாகச் சிக்க மாட்டார் என்றால் பொதுப் பெயர்கள் குறையும், மொத்தம் ஊதிவிடும். ஆட்களை வயது, பகுதி என்று ஒத்த குழுக்களாகப் பிரித்துத் தனித்தனியே கணக்கிட்டால் இந்தத் தொல்லை தணியும் என்று சந்திரசேகரும் டெமிங்கும் அப்போதே சொன்னார்கள். தணியும், தீராது.

இன்னொரு வழி, ஆளை வைத்தே ஆளைப் பிடிப்பது. சமூகவியலாளர் டக்ளஸ் ஹெக்கதார்ன் 1997-ல் சொன்ன முறை இது. ஊசிப் பழக்கம் உள்ள சிலரிடம் கூப்பன் கொடுத்து, தெரிந்தவர்களை அழைத்துவரச் சொல்வார்கள். வந்தவர்களுக்கும் கூப்பன். சங்கிலி நீளும். நண்பர்கள் அதிகம் உள்ளவர் சங்கிலியில் சிக்கும் வாய்ப்பு அதிகம், ஆகவே அவருடைய கணக்குக்கு எடையைக் குறைப்பார்கள். மணிப்பூரிலும் நாகாலாந்திலும் ஊசிப் பழக்கம் உள்ளவர்களிடையே 2005-க்குப் பிறகு இம்முறையில் ஆய்வு நடந்தது. சுனிதி சாலமன் சென்னையில் தொடங்கிய ஒய்ஆர்ஜி கேர் நிறுவனம் 2012-13-ல் பல இந்திய நகரங்களில் 26,000-க்கு மேற்பட்டவர்களை இப்படிச் சேர்த்தது. 1986-ல் காப்பகத்து வாசலில் தொடங்கிய தேடல், கால் நூற்றாண்டு கழித்து கூப்பன் வழியாகத் தொடர்ந்தது. யாரோடும் சேராமல் தனியே ஊசி போட்டுக்கொள்பவர் இந்தச் சங்கிலியிலும் வர மாட்டார்.

2007-க்குத் திரும்பினால், அந்த 25 லட்சம் எப்படி வந்தது என்பது இப்போது விளங்கும். குடும்ப நல ஆய்வின்படி வீடுகளில் இருந்த, 15-49 வயதுத் தொற்றாளர்கள் ஏறத்தாழ 17 லட்சம். அதையே இறுதி எண்ணாக அறிவித்திருந்தால் அடுத்த தவறு தொடங்கியிருக்கும். அப்படிச் செய்யவில்லை. கண்காணிப்பு மையங்கள் 2006-ல் ஆயிரத்தைத் தாண்டியிருந்தன. அவற்றிலிருந்து ஏற்ற இறக்கத்தின் போக்கை எடுத்துக்கொண்டு, அளவை மட்டும் வீட்டு ஆய்வோடு பொருத்தினார்கள். வீட்டுப் பட்டியலில் வராத பாலியல் தொழிலாளர்கள், ஊசிப் பழக்கத்தார் போன்ற குழுக்களுக்குத் தனிக் கணக்குப் போட்டுச் சேர்த்தார்கள். குழந்தைகளையும் ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களையும் சேர்த்தார்கள். வந்தது 20 லட்சத்திலிருந்து 31 லட்சம் வரை. அந்த வரம்பை அறிவிப்பிலேயே சொன்னார்கள். மறுநாள் பத்திரிகைகளில் பெரும்பாலும் 25 மட்டும்தான் இருந்தது. வாசகருக்கு வரம்பு புரியாது என்று எந்த ஆசிரியர் முடிவு செய்தாரோ தெரியவில்லை. “கல்யாணத்துக்கு 200-லிருந்து 300 பேர் வரலாம்” என்று சமையல்காரரிடம் சொல்லத் தெரிந்த வாசகருக்கு இது புரியாதா?

நாட்டின் 2023-ஆம் ஆண்டு மதிப்பீடும் ஏறத்தாழ 25 லட்சம்தான். எண் ஒன்று, உள்ளடக்கம் வேறு. புதிய தொற்று வெகுவாகக் குறைந்திருக்கிறது, கூட்டு மருந்துச் சிகிச்சையினால் தொற்று உள்ளவர்கள் நீண்ட காலம் வாழ்கிறார்கள். தொற்று உள்ளவர்களில் 95 சதவீதம் பேருக்குத் தங்கள் நிலை தெரிந்திருக்க வேண்டும் என்பது உலக இலக்கு. இந்தியாவில் ஏறத்தாழ 80 சதவீதம் பேருக்குத் தெரியும் என்றார்கள் அந்த மதிப்பீட்டின்போது. இந்த 80-ஐப் பிரித்துப் பாருங்கள். மேலே இருக்கும் எண், சோதனை மையங்களும் சிகிச்சை மையங்களும் பெயர் பெயராக வைத்திருக்கும் 20 லட்சம். கீழே இருக்கும் 25 லட்சம், மேற்சொன்ன வழிகளில் வந்த கணிப்பு. மொத்தம் உண்மையில் 30 லட்சமாக இருந்தால் தெரிந்தவர்கள் மூன்றில் இரண்டு பங்குதான், கண்டுபிடிக்க வேண்டியவர்கள் இன்னும் 10 லட்சம். மொத்தம் 22 லட்சமாக இருந்தால் தெரிந்தவர்கள் 91 சதவீதம், மிச்சம் 2 லட்சம் பேர். கூப்பனையும் சோதனைக் கருவியையும் எடுத்துக்கொண்டு எத்தனை களப்பணியாளர்கள் எந்த மாவட்டத்துக்குப் போக வேண்டும், அவர்களுக்கு எவ்வளவு பணம் ஒதுக்க வேண்டும் என்பதெல்லாம் இந்த இரண்டில் எது சரி என்பதைப் பொறுத்தது.